ஐம்பது வயது செஸ்னாவும் உப்புக் காற்றும்

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அது போதாதென்று சாத்தனூர் அணையையும் திறந்துவிட, தென்பெண்ணை பெருகி எங்கள் கடலூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம். வீட்டுக்குள் வந்த சேற்றைத் தள்ளி, கடையில் நனைந்த பெட்டிகளைப் பிரித்துக் காயவைத்து, லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் போய்ச் சேர எனக்கு ஆறு நாள் ஆகிவிட்டது.

எங்கள் செஸ்னா விமானம் கயிற்றால் கட்டிய இடத்திலேயே இருந்தது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். அடி எதுவும் இல்லை. அப்புறம் வழக்கம்போல இறக்கைக்கு அடியில் குனிந்து, டேங்கின் வடிகால் வால்வை அமுக்கி, சின்ன பிளாஸ்டிக் குவளையில் பெட்ரோல் பிடித்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர், நடுவில் ஒரு கோடு. அதைத்தான் கண் தேடும். குவளையை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். கோடு இல்லை, குமிழ் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. பரவாயில்லையே என்று கீழே கொட்டப் போனவனுக்குக் கை நின்றுவிட்டது. நாங்கள் போடும் விமானப் பெட்ரோல் நீல நிறம். குவளையில் நீலமே இல்லை.

முழுக் குவளையும் தண்ணீர். அதனால்தான் கோடு தெரியவில்லை. இரண்டாவது குவளை, மூன்றாவது குவளை, அதுவும் தண்ணீர். நான்காவதில்தான் பாதிக்கு மேல் நீலம் வந்தது. இறக்கையின் மேலே ஏறிப் பார்த்தால், டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்து, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற நிலையில் இருந்தது. கைக்கு அடக்கமான ஒரு வளையம். அன்றைக்கு அவசரத்தில் ஸ்டார்ட் செய்து கிளம்பியிருந்தால், லாஸ்பேட்டை ஓடுபாதையைத் தாண்டிய முதல் நிமிடத்தில் இன்ஜின் நின்றிருக்கும். அந்த நிமிடத்தில் கீழே இருப்பது வீடுகள்தான்.

அதிலிருந்து நான் கோட்டைத் தேடுவதற்கு முன்னால் நிறத்தைத் தேடுகிறேன். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டால் நீலம் நன்றாகத் தெரியும். மோந்து பார்ப்பதும் உண்டு. மூடி ரப்பரை வருடம் ஒருமுறை, கெட்டிருக்கிறதோ இல்லையோ, மாற்றிவிடுகிறோம்.

விமானத்தைக் கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புயலில் காற்று 90 கிலோமீட்டர் வேகம்வரை வீசியதாகச் சொன்னார்கள். செஸ்னா 172 காற்றில் தாக்குப்பிடித்து நிற்க வேண்டிய குறைந்தபட்ச வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே புயலில் அதற்கு ஓடுபாதை எதுவும் வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே எழும்பிவிடும். 2011 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். அதனால் கயிறு விஷயத்தில் எனக்குச் சிக்கனம் கிடையாது. படகுக்குப் போடுகிற தடித்த நைலான் கயிறு, துறைமுகத்து ஆட்களிடம் கற்ற முடிச்சு, இரண்டு இறக்கை, வால், மூக்குச் சக்கரம் என்று நாலு இடத்திலும் கட்டு. இறக்கையின் மேல் நீளவாக்கில் துணி சுற்றிய பலகை ஒன்றைப் பிணைத்துவிடுவோம். மேலே ஓடும் காற்று அதில் முட்டி உடைந்து, தூக்கும் விசை குறையும். உண்மையில் செய்திருக்க வேண்டியது வேறு. புயல் சின்னம் உருவானதுமே உள்நாட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் டாக்டருக்கு நோயாளிகள், எனக்குக் கடை, மூன்றாமவர் துபாயில்.

ஆமாம், நாங்கள் மூன்று பேர். எனக்குக் கடலூர் முதுநகரில் படகு டீசல் இன்ஜின் உதிரிப்பாகக் கடை. ஒருவர் புதுச்சேரியில் பல் மருத்துவர். இன்னொருவர் வளைகுடாவுக்கும் ஊருக்குமாக அலைகிறவர். சொந்த விமானம் என்றதும் ஊரில் எங்களைக் கோடீஸ்வரர்கள் என்று நினைக்கிறார்கள். 2016-இல் நாங்கள் வாங்கியது 1975-இல் தயாரான செஸ்னா 172 எம். நாலு இருக்கை, 150 குதிரைத்திறன் லைக்கமிங் இன்ஜின் ஒன்று. உலகில் இந்த ரகத்தைப் போல எண்ணிக்கையில் தயாரான விமானம் வேறு கிடையாது. 44,000-க்கும் மேல். அதனால்தான் அரை நூற்றாண்டு ஆன பின்னும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. பழைய விமானம் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நாங்கள் பார்த்ததோ பெயின்ட். வெள்ளையில் சிவப்புக் கோடு, பளபளவென்று இருந்தது. பறந்த மணியும் பார்த்த வேலையும் பதியும் லாக் புத்தகங்களை இடைத்தரகர் கட்டாக மேசையில் வைத்தார். டாக்டர் புரட்டினார், நான் எட்டிப் பார்த்தேன், எல்லாம் முத்திரை குத்தி ஒழுங்காக இருப்பதுபோல் பட்டது. இன்ஜின் புத்தகத்தில் நடுவில் இரண்டு வருடத்துக்குப் பதிவே இல்லை என்பதை, பணம் கைமாறிய பிறகு வந்த எங்கள் இன்ஜினியர்தான் காட்டினார். “இந்த ரெண்டு வருஷம் இது எங்க சார் இருந்துச்சு?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மழையில் நின்றதா, ஷெட்டில் நின்றதா, ஆயில் வடித்துவிட்டு நிறுத்தினார்களா, யாருக்கும் தெரியாது. காலி இடத்தை யாரும் பின்னால் நிரப்பவும் முடியாது. இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், முதல் நாள் முழுக்க லாக் புத்தகத்தோடு உட்காருங்கள், அதுவும் விற்பவர் கொண்டுவரும் ஆள் இல்லாமல் நீங்கள் கூலி கொடுத்த லைசென்ஸ் இன்ஜினியரோடு உட்காருங்கள் என்கிறேன்.

அந்த இரண்டு வருடமும் அப்புறம் நாங்களே சேர்த்த சில மாதங்களும் சேர்ந்துதான் பெரிய அடியாக விழுந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பறக்க வழியில்லை. கொஞ்சம் தளர்ந்ததும் முள்ளோடையில் இ-பாஸைக் காட்டிவிட்டு ஞாயிறுதோறும் லாஸ்பேட்டைக்கு வருவேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, திருப்தியாக நிறுத்திவிட்டுப் போவேன். பைக்கை வாரம் ஒருமுறை உதைத்து வைக்கிற மாதிரி. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைப்பு.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். பெரும்பகுதி புகையோடு வெளியே போனாலும், கொஞ்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். பறக்கும்போது ஆயில் 75 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகி அந்த ஈரத்தை விரட்டிவிடும். தரையில் பத்து நிமிடம் ஓடினால் அந்தச் சூடு வராது. ஞாயிறுதோறும் நான் இன்ஜினுக்குள் தண்ணீரை ஏற்றி, மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னொன்று, இந்த லைக்கமிங் இன்ஜினில், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. நின்ற சில நாளிலேயே அதன் மேலிருக்கும் ஆயில் வழிந்து கீழே போய்விடும். வெற்று உருக்கு, உள்ளே ஈரம், வெளியே நம் ஊர் உப்புக் காற்று. சொல்ல வேண்டுமா?

அக்டோபரில் பறக்கத் தொடங்கினோம். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஆயில் பிரஷர் சரி, சத்தம் சரி. 25 மணி நேரம் கழித்து ஆயில் மாற்றும்போது இன்ஜினியர் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வட்டமாக வெட்டினார். டப்பா திறக்கிற மாதிரி ஒரு கருவி. உள்ளே விசிறி மடிப்பாக இருந்த காகிதத்தைக் கத்தியால் அறுத்தெடுத்து, பட்டறைப் பிடியில் வைத்து ஆயிலைப் பிழிந்து, கரைப்பானில் அலசி, தினசரித்தாள் மேல் விரித்தார். மடிப்புக்கு மடிப்பு மினுமினுப்பு. துறைமுகத்தில் மீன் ஆய்ந்த பிறகு தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் செதில் மாதிரி. காந்தத்தை அருகில் கொண்டுபோனார். அத்தனையும் எழுந்து ஒட்டிக்கொண்டது.

“அலுமினியமா இருந்தா ஒட்டாது. இது இரும்பு,” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஒரு சிலிண்டரைக் கழற்றினால் கேம் ஷாஃப்ட்டைக் கண்ணால் பார்க்கலாம். கேம் தள்ளுகிற டாப்பெட்டின் முகம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. அது உரசி உரசி, கேமின் மூக்கு மழுங்கியிருந்தது. கேம் ஷாஃப்ட்டை மாற்ற வேண்டுமானால் இன்ஜின் கூட்டை இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்தால் எல்லாவற்றையும் பிரித்துப் புதுப்பிக்கும் முழு ஓவர்ஹாலே செய்துவிடுவதுதான் புத்தி. எட்டு மாதம் மூக்கில் இன்ஜின் இல்லாமல் நின்றது. விமானம் வாங்கிய விலையில் பாதிக்கும் மேல் செலவு. டாக்டர் அந்த வருடம் வாங்கவிருந்த கார் அதில் போயிற்று.

நடந்ததைத் துறைமுகத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். நாற்பது வருடமாக விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர். அவர் வியப்பே காட்டவில்லை. “தடைக்காலம் முடிஞ்சு மொத நாள் கடலுக்குப் போறப்பதான் தம்பி எல்லா இன்ஜினும் அழும். அறுபத்தோரு நாள் சும்மா கெடக்குதுல்ல,” என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த ஜூன் மாதத்தில்தான் என் கடையில் வியாபாரம் அதிகம். இருபது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்த விஷயம், என் சொந்த இன்ஜினுக்கு உறைக்கவில்லை.

இப்போது எங்கள் வழக்கம் இது. பத்து நாளைக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் பறந்தே ஆக வேண்டும். ஆயில் சூடு 75-ஐத் தாண்டி நின்றால்தான் கணக்கில் சேரும். கடலோரமாகத் தேவனாம்பட்டினம், அப்படியே பிச்சாவரம் சுரபுன்னைக் காடு வரை போய்த் திரும்பினால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். பறக்க முடியாது என்று தெரிந்தால் தொடவே மாட்டோம். தரையில் ஓடவிடுவதில்லை. ஆயில் படலம் வழித்துக்கொண்டு போய்விடும் என்பதால் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைக்கவும் கூடாது. பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ கோளாறாக இருந்தால் சாவி இல்லாமலேயே இன்ஜின் உதைத்துக் கையைக் கொண்டுபோய்விடும் என்பது வேறு. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் இன்ஜினியரைக் கூப்பிட்டு முறையாகப் பதப்படுத்திவிடுகிறோம். அதற்கென்று உள்ள ஆயிலை ஊற்றி, மேல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் சிலிக்கா ஜெல் அடைத்த பிளக்குகளைத் திருகுவார். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும். புகைக்குழாய் வாயையும் அடைத்துவிட வேண்டும்.

அடுத்து விமானத்தின் உடம்பு விஷயம். அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்கிறவர்கள் கடலோரத்தில் விமானம் வைத்திருப்பவர்கள் இல்லை. இரும்பு மாதிரி சிவக்காது, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தக் காலத்துச் செஸ்னாவில் தகட்டின் உட்புறத்துக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு கூடுதல் காசுக்குத்தான். எங்களுடையதை முதலில் வாங்கியவர் அந்தக் காசைக் கொடுக்கவில்லை. தரைவிரிப்பைத் தூக்கினோம், பக்கச் சுவரில் சத்தம் குறைக்க ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்தோம். பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்தே தின்றுகொண்டிருந்தது. எஃகுத் திருகு இருக்கும் இடமெல்லாம் சுற்றிலும் வெள்ளை வளையம். சுத்தம் செய்து, அரிப்பு எவ்வளவு ஆழம் என்று அளந்து, ஏசிஎஃப்-50 என்ற எண்ணெய்யை உள்ளே புகையாக அடித்தோம். ஒரு மாதம் ரிவெட் இடுக்கெல்லாம் எண்ணெய் கசிந்து விமானமே வடை சட்டி மாதிரி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அடிக்கிறோம். கடல் மேல் பறந்து வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் வயிற்றுப் பக்கத்தைக் கழுவிவிட வேண்டும். அலசுவதும் துடைப்பதும் கூர்ந்து பார்ப்பதும் எங்கள் வேலை. ஸ்பேனர் பிடிப்பது லைசென்ஸ் உள்ளவர் வேலை. படகு இன்ஜின் தெரியும் என்பதற்காக நான் ஒரு நட்டைக்கூடத் தொடுவதில்லை.

குளவி இன்னொரு தொல்லை. காற்று வேகம் காட்டும் பிட்டோ குழாய்க்கு உறை போட ஒரே ஒரு சாயங்காலம் மறந்தேன். மறுநாள் காலையில் மண் அப்பி வீடு கட்டியிருந்தது. ஓடுபாதையில் ஓடத் தொடங்கியும் முள் பூஜ்யத்திலேயே கிடந்ததால் நிறுத்த முடிந்தது.

பழைய செஸ்னாவில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் முன் இருக்கையின் தண்டவாளம். இருக்கையை நிறுத்தும் ஊசி நுழையும் துளைகள் தேய்ந்தால், மேலேறும்போது இருக்கை பின்னால் வழுக்கும். பதற்றத்தில் கையில் இருக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தால் மூக்கு வானத்தைப் பார்த்துவிடும். அமெரிக்க விமானத் துறை 1987-லேயே இதற்குக் கட்டாயச் சோதனை உத்தரவு போட்டிருக்கிறது. டாக்டருக்குத் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே இருக்கை ஒரு துளை பின்னால் வழுக்கியது. அதுவே எங்கள் அதிர்ஷ்டம். தண்டவாளத்தையே மாற்றிவிட்டோம். அதற்குப் பிறகும் அவர் கிளம்புமுன் இருக்கையைப் பின்னால் உந்தி உந்திப் பார்ப்பார். பல்லை ஆட்டிப் பார்க்கிற அதே கை.

“பெட்ரோல் பங்க்கில் போட்டுக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்காத ஆள் இல்லை. கூடாது. பங்க் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் சீல்களை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். எங்களுக்கு 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோல் பீப்பாயில்தான் வரும். முன்பு முழுக்க இறக்குமதி. 2022 முதல் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் இன்ஜின் வடிவமைக்கப்பட்டது 80 ஆக்டேன் பெட்ரோலுக்கு. 100 எல்எல்லில் அதைவிட நாலு மடங்கு ஈயம் இருக்கலாம். தரையில் ஊரும்போது மிக்சரை, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவை, குறைத்து வைக்காவிட்டால் கீழ்ப் பிளக்குகளில் கடுகு கடுகாக ஈயம் கட்டிக்கொள்ளும். கிளம்புமுன் நிமிடத்துக்கு 1700 சுற்றில் மேக்னெட்டோ சோதிக்கும்போது இன்ஜின் இருமும்.

காகித வேலை பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு தடவை அவசர ரேடியோவின் பேட்டரித் தேதி தாண்டியதை மூவருமே கவனிக்கவில்லை. நன்றாகப் பறக்கும் விமானம் ஐந்து வாரம் சும்மா நின்றது. தப்பு எங்களுடையது. இப்போது எல்லாக் காலாவதித் தேதிகளும் என் கடையில், மாரியம்மன் படத்துக்குக் கீழே, ஒரே அட்டையில் தொங்குகின்றன.

பணக் கணக்கு மட்டும் கொஞ்சம். ஒரு மணி நேரத்துக்கு 30 லிட்டர் பெட்ரோல் என்பதோடு கணக்கு முடிந்ததாக நினைக்காதீர்கள். ஓவர்ஹால் தவணை 2000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது என்கிறது லைக்கமிங். வருடம் 60 மணி நேரம் பறந்தால் 12 வருடத்தில் 720 மணிதான் ஆகும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஆயுளைப் பறக்காமலே செலவழிக்கிறோம். அதனால் எங்கள் மூவருக்கும் மாதாந்திரப் பங்கு உண்டு, பறந்தாலும் பறக்காவிட்டாலும். பறந்த மணிக்குத் தனிக் கட்டணம், அதில் ஒரு பகுதி இன்ஜின் உண்டியலுக்கு. யார் பறந்தாலும் டேங்க்கை நிரப்பிவிட்டுத்தான் போக வேண்டும். காலி டேங்கில்தான் இரவுக் குளிரில் ஈரம் வியர்க்கும். இதையெல்லாம் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டது இன்ஜின் செலவுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் நட்பு, நட்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த எட்டு மாதத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து டீ குடித்தது இரண்டு தடவை.

போன மாதம் அந்த மெக்கானிக் அண்ணனை ஒரு சுற்று கூட்டிப்போனேன். வலது இருக்கையில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதுநகர் துறைமுகத்துக்கு மேல் வட்டமடித்து, இந்தப் படகு யாருடையது, அந்தப் படகு யாருடையது என்று காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார். பயந்துவிட்டாரோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. இறங்கி வந்து நிறுத்துமிடத்தில் இன்ஜினை அணைக்க மிக்சரை இழுக்கப் போனேன். “கொஞ்சம் இரு தம்பி,” என்றார். ஹெட்செட்டைக் கழற்றினார். தன் பக்கத்துக் கண்ணாடியைத் திறந்து காதை வைத்தார்.

“டிக் டிக்னு ஒண்ணு கேக்குது பாரு. எம் பக்கம், பின்னால உள்ள சிலிண்டர். எக்ஸாஸ்ட்ல கசியுது.”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து இன்ஜினியர் மூடியைக் கழற்றினார். மூன்றாம் எண் சிலிண்டரின் புகைக்குழாய் இணைப்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அந்தப் புகை ஹீட்டர் வழியாக உள்ளே வந்தால் தலைவலியில் தொடங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். கேஸ்கெட்டுக்குச் சொல்லியிருக்கிறோம். வர ஐந்து வாரம் ஆகுமாம். சிலிக்கா ஜெல் பிளக்குகள் உள்ளே போய்விட்டன. நேற்று பார்த்தபோது நீலமாகத்தான் இருந்தன.